உள்ளங்கால் மெலனோமா, தொடையிடுக்குக் கணு: எஸ்100-ஆ, சாக்ஸ்10-ஆ?

செந்தூல்_மைக்ரோடோம்: நம்ம மக்களுக்கு மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்று) வந்தால் உள்ளங்காலில்தான் அதிகம். அதனால் கே.எல். (கோலாலம்பூர்) லேப்களுக்கு வரும் சென்டினல் கணு (புற்று முதலில் பரவும் நிணநீர்க் கணு) பெரும்பாலும் தொடையிடுக்கிலிருந்து. ஹெச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயத்துக்கு மேல், மெலனோமா செல்லில் ஒட்டி நிறம் காட்டும் இரண்டு ஆன்டிபாடிக்குத்தான் காசு என்றால் எதை ஓட்டுவது? எஸ்100, எச்எம்பி-45 என்ற பழைய ஜோடியா? சாக்ஸ்10, மெலன்-ஏ ஜோடியா?

பங்சார்_பாத்தோ: எஸ்100-ஐ விடாதீங்க. அதில் தப்பிக்கும் மெலனோமா மிக அரிது. கணுவில் இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்லும் (நோய் எதிர்ப்புச் செல்) கொழுப்பும் தானாகவே நிறம் ஏற்கும். ஏறவில்லையா, ஓட்டமே கோளாறு என்று அதே ஸ்லைடு காட்டிக் கொடுக்கும். சாக்ஸ்10-க்கு அந்த வசதி ஏது? கொழுப்பில் ஒரு நரம்பு மாட்டினால் உண்டு.

நிறமி_கேஎல்: அண்ணே, அந்த டென்ட்ரிட்டிக் செல்தான் தலைவலி லா. பாராகார்ட்டெக்ஸ் (கணுவில் அந்தச் செல் நிறைந்த பகுதி) முழுக்கப் பழுப்பாகும், நடுவில் ஒற்றைப் புற்றுச் செல்லை எப்படிப் பிரிப்பீங்க? ஏஜேசிசி (அமெரிக்கப் புற்றுநோய் நிலை வகைப்பாடு) 8-ஆம் பதிப்பில் ஒரே செல் இருந்தாலும் கணு பாசிட்டிவ். சாக்ஸ்10 நியூக்ளியஸில் மட்டும் ஏறும், டென்ட்ரிட்டிக் செல்லைத் தொடாது. கன்ட்ரோல்தான் (ஓட்டம் சரியா என்று காட்டும் ஒப்பீடு) கவலையா? அதே ஸ்லைடின் ஓரத்தில் தோல் வெட்டு ஒன்று வையுங்க. ஆன்டிஜனை (ஆன்டிபாடி ஒட்டும் பொருளை) வெளிக்கொணர ட்ரிஸ்-ஈடிடிஏ பஃபர், பிஎச் 9, 97 டிகிரியில் 20 நிமிடம், அதே பஃபரிலேயே 20 நிமிடம் ஆறணும். சூட்டோடு எடுத்தால் வெட்டு உரியும்.

பங்சார்_பாத்தோ: சரி தம்பி, கணு உறையில் நீவஸ் (புற்றல்லாத மச்சச் செல்கள்) இருந்தால்? சாக்ஸ்10, மெலன்-ஏ இரண்டுமே ஏறும். உடனே 'பரவியது' என்று எழுதிடுவீங்களா? நீவஸ் உறையிலும் ட்ரபெக்குலாவிலும் (உறையிலிருந்து உள்ளே போகும் தடுப்பு) உட்காரும், புற்று முதலில் உறைக்கடியிலுள்ள சைனஸில் (நிணநீர் ஓடும் வழி) இறங்கும். எச்எம்பி-45 நீவஸில் பெரும்பாலும் ஏறாது. கடைசியில் என் ஜோடிக்கே வரணும்.

நிறமி_கேஎல்: இடத்தைப் பார்த்தே பாதி முடிவாகிடும். மீதிக்கு எச்எம்பி-45, தேவைப்பட்டால் செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67. ஆனால் எச்எம்பி-45 நெகட்டிவ் என்பதை மட்டும் நம்பி நீவஸ் என்று மூடாதீங்க, எச்எம்பி-45 ஏறாத மெலனோமாவும் உண்டு. நார்த்திசு நிறைந்த டெஸ்மோபிளாஸ்டிக் வகையில் மெலன்-ஏவும் கைவிடும், சாக்ஸ்10 நிற்கும்.

செந்தூல்_மைக்ரோடோம்: மெலனின் நிறமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் செல்லும் பழுப்பு, ஆன்டிபாடிக்கு நிறம் தரும் டிஏபியும் பழுப்பு. அதற்கு?

நிறமி_கேஎல்: டிஏபிக்குப் பதில் சிவப்பு குரோமோஜன் (நிறம் தரும் பொருள்). அது ஏஇசி என்ற வகை என்றால் ஆல்கஹால், சைலீன் பக்கம் போகாதீங்க, நிறம் கரைஞ்சிடும். நீர் சார்ந்த மவுன்ட் போடுங்க. மெலனினை வெளுக்கணும் என்றால் 10% ஹைட்ரஜன் பெராக்சைடு, 65 டிகிரி, கோட்டட் ஸ்லைடு. பெர்மாங்கனேட் வேகம்தான், ஆன்டிஜனையும் கெடுத்துவிடும்.

பிளேடு_ஜாலான்ஈப்போ: ரெண்டு பேரும் ஸ்டெயினுக்கே சண்டை போடறீங்க, வெட்டை யாரும் பேசலை. ஃப்ரோசன் (உறையவைத்து வெட்டுவது) வேண்டாம், பிளாக்கைச் சமப்படுத்தும்போதே சின்னப் படிவு போய்விடும். ஃபார்மலினில் ஊறிய பின் ஹைலம் (கணுவின் குழிந்த வாசல்) வழியே இரண்டாகப் பிளந்து, ஈஓஆர்டிசி (ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு) முறைப்படி 50 மைக்ரான் இடைவெளியில் 6 மட்டம். ஒவ்வொரு மட்டத்திலும் நாலு வெற்று ஸ்லைடு அப்பவே எடுத்து வையுங்க. பிறகு எச்எம்பி-45 வேண்டும் என்று பிளாக்கை மறுபடி ஏற்றினால், முகம் சமமாகும்போதே 0.1 மி.மீ. படிவு காணாமல் போகும்.

பங்சார்_பாத்தோ: வெற்று ஸ்லைடு சரி. எஸ்100-ஐ மட்டும் விடமாட்டேன்.