அம்மாவுக்கு நாளை மூளை எம்ஆர்ஐ, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நேற்று முன்தினம் காலை அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. என்னாச்சும்மா என்று கேட்டால் வாய் குழறுகிறது. பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் பயந்துபோய் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை. பிறகு எதற்கு எம்ஆர்ஐ என்று நானும் கேட்டேன். மூளையில் புதிதாக ரத்தம் கசிந்திருந்தால் சிடி சட்டென்று காட்டிவிடும், ஆனால் ரத்தக்குழாய் அடைத்து ஏற்பட்ட சின்னச் சின்னப் பாதிப்பு, அதுவும் மூளையின் பின்பக்கம் இருந்தால், எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரியும் என்று நரம்பியல் டாக்டர் பொறுமையாக விளக்கினார். எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம்தான். மாத்திரை தொடங்கியாகிவிட்டது.

சிக்கல் அம்மாவின் பயம். லிஃப்டில் ஏறவே மாட்டார். அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் தலையை அசைக்காமல் படுக்க வேண்டும், சத்தம் வேறு. 38 வருடமாகக் கழற்றாத தாலியைக் கழற்றச் சொன்னதும் அழுதுவிட்டார். இன்றிரவு மஞ்சள் கயிற்றில் வெறும் மஞ்சள் கிழங்கு கட்டித் தரலாம் என்றிருக்கிறேன். உள்ளே விடுவார்களா?

மூடிய இடத்துக்குப் பயப்படுபவர்களை எப்படித் தயார் செய்தீர்கள்? லேசான மயக்க மருந்து கொடுத்தார்களா? கூட ஒருவர் உள்ளே நிற்க விடுவார்களா? 2019-இல் முழங்கால் மாற்று அறுவை செய்தவர் என்பதையும் சொல்லியிருக்கிறோம். அப்படி உலோகம் வைத்தவர்கள் எடுத்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.