அவர் எண்ணிய பதினொரு பொருள்கள்: கடைசி நாள்களின் பராமரிப்பில் மனத்தை விட்டு அகலாதவை

கதவோர நாற்காலி:

இறக்கும் தறுவாயில் உள்ளவர்களைப் பராமரிக்கும் நோய்த்தணிப்பு இல்லங்களில் இரவுப் பணி செய்தவர்களுக்கு இரண்டு மணிக்கு அந்த அறைகள் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வீடு கிடையாது, தேடி வர ஆளும் கிடையாது. துணிப்பை ஒன்றின் காதில் கயிறு கட்டி, மறுமுனையைத் தம் மணிக்கட்டில் சுற்றி முடிச்சிட்டிருந்தார். உடம்பு துடைத்துவிடும்போதுகூட அந்த முடிச்சை அவிழ்க்க அவர் இசையவில்லை.

மூன்றாம் நாள் மருந்தின் அளவைக் கூட்டிய பிறகு முதன்முறையாக அயர்ந்து தூங்கினார். கயிறு இறுகி மணிக்கட்டில் சிவந்த தடம் விழுந்திருந்தது. பை நனைந்து, விரிப்பிலும் ஈரம் ஏறியிருந்தது. நான் முடிச்சை மெல்ல அவிழ்த்து, பையைக் கட்டிலுக்கு அடியில், கை எட்டும் தொலைவில்தான் வைத்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. சற்று நேரத்தில் விழித்துக்கொண்டவர் சத்தம் போடவில்லை. கை மட்டும் விரிப்பின் மேல் இடமும் வலமும் தடவியது. பிறகு, எழுந்து உட்காரவே இருவர் துணை தேவைப்பட்ட அந்த மனிதர், தாமாகவே கட்டிலை விட்டு இறங்கிச் சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்தார். நான் பதறிப்போய்ப் பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வாய்விட்டு எண்ணித் திரும்பவும் உள்ளே வைத்தார். பதினொன்று. விடியும்வரை கட்டிலுக்குத் திரும்பவில்லை. அதன்பின் அவர் உயிரோடிருந்த ஒன்பது நாள்களும் என் கையால் மருந்து வாங்கிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கொடுத்தால் வாயைத் திறந்தார்.

எங்களுக்குத் தந்த பயிற்சியில் படுக்கைப்புண்ணுக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். தெருவில் உறங்கிப் பழகியவருக்கு உறக்கத்தில் பொருள் காணாமற்போவது என்றால் என்ன என்பதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதேனும் இருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பணி:

ஐயா, உங்களுக்குப் பயிற்சி என்று ஒன்றாவது கிடைத்தது. என்னை முகவர் ஒருவர் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்பினார். போன முதல் நாளே ஒரு புட்டியையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் கையில் தந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 5 மில்லிகிராம் என்று சொன்னார்கள். அது கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் என்பதே எனக்கு இரண்டாம் நாள்தான் தெரியும். எட்டு நாள் ஒருவேளையும் தவறாமல் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அதிகாலையில், நான் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவின் மூச்சு மாறியது. வேகமாக இரைத்து, சிறுத்து, நின்றேவிடும். நான் மனத்துக்குள் எண்ணுவேன், இருபது தாண்டும், மறுபடி இழுக்கும். வேளை வந்துவிட்டதே என்று கன்னத்தின் உட்புறமாக மருந்தை விட்டேன். நாற்பது நிமிடத்தில் போய்விட்டார்.

மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்போதுதானே மருந்து கொடுத்தீர்கள்?" அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சிரிஞ்சு என் மேலங்கிப் பையிலேயே இருந்திருக்கிறது. வீடு வந்து துணி துவைக்கும்போதுதான் கண்டேன். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த மருந்தினால்தானா என்று கேட்க எனக்கு இதுவரை ஓர் ஆள் வாய்க்கவில்லை.

மருந்தாளுநர், ஓய்வு:

சகோதரி, முதலில் உங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எட்டு நாள் ஒரே அளவாகக் கொடுத்துவந்த 5 மில்லிகிராம், ஒன்பதாம் நாள் திடீரென்று ஆளைக் கொல்வது பொதுவாக நடப்பதில்லை. மார்ஃபின் மிகையானால் முதலில் எழுப்ப முடியாத மயக்கம் வரும், கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சின் எண்ணிக்கை படிப்படியாகக் குறையும். நீங்கள் விவரிப்பது அதுவன்று. ஏறி, இறங்கி, நின்று, மறுபடி தொடங்கும் அந்த மூச்சை மருத்துவர்கள் ஜான் செயின் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் எழுதிவைத்திருக்கிறார்கள், அவர்கள் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. உயிர் பிரியும் நேரத்தில் அடிக்கடி காணப்படுவது. நீங்கள் மருந்தை விடுவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது என்று உங்கள் பதிவிலேயே இருக்கிறது. மறுபடி படித்துப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து தரப்படும் ஒருவர் எந்த நேரத்தில் இறந்தாலும், அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் கையால் ஒரு வேளை மருந்து போயிருக்கும்.

என் கதை சிறியது. ஒருநாள் கடை அடைக்கும் நேரத்தில் ஒரு பெரியவர் மார்ஃபின் சீட்டோடு வந்தார்; மாத்திரைகளின் எண்ணிக்கை எண்ணால் இருந்தது, எழுத்தால் இல்லை. விதிப்படி திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அதே சீட்டைக் கொண்டுவந்து, இனித் தேவைப்படாது என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இந்த மருந்து கிடைப்பதே அரிது என்பதைப் பலர் உணர்வதில்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகில் ஓராண்டில் வழங்கப்பட்ட இவ்வகை வலிமருந்துகள், மார்ஃபின் அளவுக்கு மாற்றிக் கணக்கிட்டால் 298.5 டன், அதில் மிகக் குறைந்த வருவாயுள்ள நாடுகளுக்குச் சென்றது 0.1 டன். உகாண்டாவில் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களே மார்ஃபின் எழுதித் தரலாம் என்று 2004இல் சட்டவிதி கொண்டுவந்தார்கள். இன்னும் பல இடங்களில் மருத்துவர் வரும்வரை வலி காத்திருக்கிறது. இன்னொன்று, மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்; மயக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மருந்து வேண்டாம் என்று நோயாளி மறுக்கும்போது அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் எழுதிய நண்பருக்கு: ஈரப்பையைப் படுக்கையிலேயே விட்டுவைத்திருந்தால் தோல் அழுகியிருக்கும். நீங்கள் செய்தது சரி. இதற்குப் போய் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை.

விடுதிச் செவிலி:

மருந்தாளுநர் ஐயா, மருந்து பற்றி நீங்கள் எழுதியதோடு எனக்கு மாறுபாடில்லை. பையைப் பற்றி எழுதியதோடு உண்டு. ஈரம் என்றால் அவரை எழுப்பிக் கேட்டிருக்கலாம், அவர் கண்முன்னே உலர்ந்த உறையொன்றில் பையை இட்டு மறுபடி மணிக்கட்டிலேயே கட்டியிருக்கலாம். தோலுக்கும் பைக்கும் இடையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பது, பூட்டிய அலமாரி சொந்தமாக உள்ளவர்களின் கணக்கு.

நான் வேலை பார்த்த ஆதரவற்றோர் விடுதியில் ஒருவர் இருந்தார். இளமையில் ஊசிவழிப் போதைக்கு அடிமையாக இருந்து மீண்டவர். கல்லீரல் புற்று எலும்புக்கும் பரவியிருந்தது. அழைத்துப்போன இடத்தில் எல்லாம் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பாரசிட்டமால் எழுதித் தந்தார்கள். ஒருவர், நான் கேட்கும்படியே, நடிக்கிறார் என்று சொன்னார். அன்றிரவு துண்டை நான்காக மடித்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் தூக்கம் கெட்டு முறையிட்டால் விடுதியை விட்டு அனுப்பிவிடுவோம் என்று பயந்திருக்கிறார். காலையில் துண்டை விரித்தபோது நான்கு மடிப்பிலும் பல் தடம் இருந்தது. முன்பு போதைப்பழக்கம் இருந்தவர்களுக்குச் சில வேளைகளில் மற்றவர்களைவிடக் கூடுதலான அளவு தேவைப்படும் என்பதை நான் படித்தறிந்தது அவர் இறந்து ஓராண்டுக்குப் பிறகு.

பயிற்றுநர்:

பயிற்சியில் ஒரு வாக்கியம்கூட இல்லை என்ற குறையைப் பயிற்சி தருபவள் என்ற முறையில் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், சொல்லிக்கொடுத்திருந்தால் நடந்திருக்காது என்று முதலில் எழுதியவரும் விடுதிச் செவிலியும் நினைப்பதாகத் தெரிகிறது. அதை மட்டும் ஏற்க முடியவில்லை.

இறக்கும் தறுவாயில் உள்ளவருக்குத் தாகமும் பசியும் அடங்கிவிடும், விழுங்கும் திறன் போய்விடும், உலர்வது வாய்தான். ஆகவே தண்ணீரைப் புகட்டாமல், நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் ஈறையும் அடிக்கடி துடைத்தாலே போதும் என்பதை இருபது குழுக்களுக்காவது நான் கற்பித்திருப்பேன். என் தந்தையின் கடைசி மாலையில் என் கையில் இருந்தது பஞ்சு அன்று, கரண்டி. ஒவ்வொரு கரண்டித் தண்ணீரும் கடைவாய் வழியே வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் காதைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தேன். அவருக்குப் புரையேறி, இருமவும் வலுவில்லாமல் நெஞ்சு குலுங்கியபோது, பின்னாலிருந்து கையைப் பிடித்து நிறுத்தியவள் என்னிடமே பயின்ற ஓர் இளம்பெண்.

ஆகவே இப்போது வகுப்பை மாற்றிவிட்டேன். பயில்பவர் ஒவ்வொருவரும் முதல் நாளே கட்டிலில் படுக்க வேண்டும். இருவர் அவர் தலைக்கு மேலாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டே அவரைப் புரட்ட வேண்டும், ஒருவர் முன்னறிவிப்பின்றி வாயைத் துடைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் சிலருக்குக் கண் கலங்கிவிடும். பிறகுதான் பாடம். தொண்டையில் சளி கரகரக்கும் ஓசையை ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் அதை முதன்முறை கேட்பவர் நோயாளி மூச்சடைத்துத் தவிக்கிறார் என்றே நினைப்பார். உண்மையில் அவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பல வேளைகளில் ஓசை தணியும். இரவுப்பணி சகோதரி சொன்ன மூச்சையும் இனிச் சேர்த்துக்கொள்வேன். கேட்காமல் இவ்வளவு எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஆயினும் இன்னொன்று. யாருமற்றவர்களுக்கான பராமரிப்பு இந்தத் துறையில் பிற்பாடு ஒட்டவைத்ததன்று. இன்றைய நோய்த்தணிப்பு இல்லங்களுக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸை இவ்வழியில் திருப்பியவர், போலந்திலிருந்து வந்து 1948இல் லண்டன் மருத்துவமனையொன்றில் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற அகதி. 500 பவுண்டைச் சாண்டர்ஸிடம் விட்டுச்சென்று, உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்றார். சாண்டர்ஸ் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் திறந்தது 1967இல். பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

எட்டாம் அறை:

நான் தண்டனைக் காலத்தில் இருந்தபோது, சிறை மருத்துவப் பிரிவில் இறக்கும் நிலையில் இருந்த கைதிகளைக் கவனித்துக்கொள்ள எங்களில் சிலரைப் பயிற்றுவித்தார்கள். என் பொறுப்பில் இருந்தவரின் வலது காலில் கடைசி வாரம்வரை விலங்கு இருந்தது. கால் வீங்க வீங்க வளையம் சதைக்குள் பதிந்தது. நான் செய்ய முடிந்ததெல்லாம், வளையத்துக்கும் தோலுக்கும் இடையே துணியை நுழைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவதுதான். ஒருநாள் காவலர் தாமாகவே வந்து கழற்றினார். அதன்பிறகும் அந்தக் கைதி புரண்டு படுக்கும்போது அந்தக் காலை மட்டும் முன்போலவே, சங்கிலியின் நீளம் பார்த்து, பாதி தூரம்தான் நகர்த்தினார். பயிற்றுநர் அம்மா கட்டிலில் படுக்கவைக்கும்போது காலையும் கட்டிப் பார்க்கலாம்.

கதவோர நாற்காலி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மருந்தாளுநர் ஐயா, நான் செய்தது சரி என்று நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. செவிலி அம்மா சொன்ன உலர்ந்த உறை அன்றிரவு அலமாரியிலேயே இருந்தது.

ஒன்றை முதற்பதிவில் எழுதாமல் விட்டேன். அவர் இறந்த பின் உடைமைகளைப் பட்டியலிடும் பொறுப்பு என்னிடமே வந்தது. படிவத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. தனித்தாள் இணைத்து, அவர் எண்ணிய வரிசையிலேயே எழுத முயன்றேன். சீப்பு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய அடையாள அட்டை நகல், கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடிச் சட்டம், காலியான மாத்திரை அட்டைகள் மூன்று, ஒற்றைக் காலுறை, பென்சில் துண்டு, ஒரு மருத்துவமனையின் பழைய அனுமதிச் சீட்டு, சட்டைப் பொத்தான். அட்டை மூன்றையும் அவர் தனித்தனியாகவே எண்ணினார். பையைக் கவிழ்த்து உதறியும் பார்த்துவிட்டேன், பத்துதான் வருகிறது. அன்றிரவு பதினொன்றையும் நான் அருகிலிருந்து பார்த்தேன். விடுபட்டது எது என்று நினைவுக்கு வரவில்லை.