பாய்மரக் கயிறு தினமும் தளர்ந்துபோகிறது, அவசரம்

வெண்ணாற்றங்கரை (புதியவர்), இரவு 11.48
எல்லோருக்கும் வணக்கம். மரக்கப்பல் மாடல் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். உடல், தளம், பீரங்கி எல்லாம் முடிந்தது. ஒன்றரை வருஷ வேலை. இப்போது கயிறு கட்டும் கட்டம். ராத்திரி உட்கார்ந்து பக்கத்துக் கயிறுகளை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுகிறேன். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்குகிறது. மூன்று தடவை அவிழ்த்துக் கட்டியாயிற்று. தை மாசம் தங்கச்சி கல்யாணம், அதற்குள் கூடத்தில் வைத்தாக வேண்டும். எங்கே தப்பு?

குடந்தைக்காரன், இரவு 11.59
என்ன கப்பல்? என்ன ஸ்கேல்? என்ன நூல்? எந்தப் பாய்மரம், முன்னதா நடுவா? படம் எங்கே சார்?

வெண்ணாற்றங்கரை, இரவு 12.06
கப்பல்தான் சார், மூன்று பாய்மரம். மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பெட்டி. நூலும் அதிலேயே வந்தது. படம் நாளைக்குப் போடுகிறேன், இங்கே கரண்ட் போய்விட்டது.

கொண்டல், காலை 6.15
படமே வேண்டாம். நோய் தெரிந்துவிட்டது: ஐப்பசி மழை. பருத்தி நூல் ஈரம் குடித்தால் நார் ஊதும், முறுக்கு இறுகும், நீளம் குறையும். கிணற்றுக் கயிறு நனைந்தால் எப்படி விறைத்துக்கொள்கிறது, அதேதான். நீங்கள் ராத்திரி மழை ஈரத்தில் கட்டுகிறீர்கள். பகலில் காய்ந்ததும் நூல் பழைய நீளத்துக்குப் போய்விடுகிறது. தேன்மெழுகு தடவிய நூல் போடுங்கள். கேஸ் முடிந்தது.

தவில்வீடு, காலை 7.02
கொண்டல் அண்ணன் சொல்வது தலைகீழாக இருக்கிறதே. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். மழைக்காலம் வந்தால் தோல் தொய்ந்துவிடும், நாதம் இறங்கிவிடும். மிருதங்கமும் அப்படித்தான். ஈரத்தில் தளரும், வெயிலில் விறைக்கும். இது தஞ்சாவூர் ஜில்லாவில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கொண்டல், காலை 7.10
தம்பி, அது தோல். இது முறுக்கிய நூல். தோலுக்கு முறுக்கு ஏது?

தவில்வீடு, காலை 7.14
வாரும் தோல்தான், முறுக்கித்தான் போடுகிறோம். ஒரு நாள் வந்து பாருங்கள்.

சுக்கான் (மூத்த உறுப்பினர், 4,112 பதிவுகள்), காலை 8.30
கச்சேரியை நிறுத்துங்கள். முதலில் "பக்கத்துக் கயிறு" என்று கப்பலில் எதுவும் கிடையாது. மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது ஷ்ரவுட். முன்பக்கம் இழுத்துப் பிடிப்பது ஸ்டே. இவை நிலையாக நிற்பவை, தார் பூசியவை. அதனால்தான் மாடலில் கறுப்பு நூல். பாயையும், பாய் தொங்குகிற குறுக்குக் கட்டையான பருமலையும் ஏற்றி இறக்கித் திருப்புகிற கயிறுகள் வேறு, அவற்றுக்குப் பழுப்பு நூல். இந்த அடிப்படையை விரிவாக எழுதி வைத்திருக்கிறேன், தேடிப் படிக்கவும். படிக்காமல் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே என் வயது போகிறது.

இவர் ஒரு பக்கம் முழுவதையும் கட்டிவிட்டு மறுபக்கம் போயிருப்பார், பந்தயம் கட்டுகிறேன். அப்படிக் கட்டக் கூடாது. வலப்பக்கத்து முன் ஜோடி, அப்புறம் இடப்பக்கத்து முன் ஜோடி, பிறகு வலம், பிறகு இடம் என்று மாற்றி மாற்றி மர உச்சியில் மாட்ட வேண்டும். நிஜக் கப்பலிலும் இதே வரிசைதான்.

குடந்தைக்காரன், காலை 9.05
சுக்கான் சார், ஸ்டேயை முதலில் கட்டினால் மரம் பின்னால் சாயாதே? நான் அப்படித்தான் செய்தேன், நன்றாக நிற்கிறது.

சுக்கான், காலை 9.20
நிற்கும். தப்பாக நிற்கும். ஸ்டேயின் வளையம் ஷ்ரவுட் வளையங்களுக்கு மேலே உட்கார வேண்டும். முதலில் போட்டால் அது அடியில் மாட்டிக்கொள்ளும். கூடத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்கரைப்பேட்டை, காலை 9.41
மரம் தளத்துக்குள் நுழைகிற இடத்தில் பென்சிலால் சுற்றி ஒரு கோடு போடுங்க. நாளைக்குப் பாருங்க.

வெண்ணாற்றங்கரை, மாலை 7.25
படம் இணைத்திருக்கிறேன். பெட்டியில் ஃபிரிகேட் (பழைய காலத்துப் போர்க்கப்பல் வகை) என்று போட்டிருக்கிறது, 1:64. சிக்கல் நடு மரத்தில். பக்கத்துக்கு எட்டு, மொத்தம் பதினாறு. சுக்கான் சார் சொன்ன மாதிரி மாற்றி மாற்றித்தான் கட்டினேன், பெட்டியில் வந்த குறிப்பிலேயே அப்படி இருந்தது.

குடந்தைக்காரன், மாலை 7.40
படத்தில் உங்கள் கட்டைவிரல்தான் தெரிகிறது. அதற்குப் பின்னால் மங்கலாக ஏதோ கப்பல் மாதிரி. இருந்தாலும் ஒன்று தெரிகிறது: ஷ்ரவுடின் அடியில் மாட்டுகிற, ஆளுக்கு மூன்று ஓட்டை உள்ள கட்டைகள், அதாவது டெட்ஐ, ஒன்று மேலே ஒன்று கீழே என்று பல்வரிசை விழுந்த மாதிரி நிற்கின்றன. ஒரு கம்பியை எடுத்து இரண்டு முனையையும் மடித்துக்கொள்ளுங்கள். ஒரு முனை கீழ்க்கட்டை ஓட்டையில், மறுமுனை மேல்கட்டை ஓட்டையில். கம்பி பிடித்திருக்கும்போது ஷ்ரவுடை மேல்கட்டையைச் சுற்றி மடித்துக் கட்டினால் எட்டுக்கும் ஒரே இடைவெளி வரும்.

நூல் என்னவென்று பார்க்க, ஒரு துண்டின் நுனியைத் தீக்குச்சியில் காட்டுங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி உருண்டையானால் பாலியஸ்டர் மாதிரி செயற்கை நூல்.

வெண்ணாற்றங்கரை, இரவு 8.02
உருண்டைதான் ஆகிறது. விரலையும் சுட்டுக்கொண்டேன்.

தவில்வீடு, இரவு 8.05
கேஸ் முடிந்தது அண்ணே 🙂

கொண்டல், இரவு 8.11
நூல் குடிக்காவிட்டால் என்ன, மரம் குடிக்கும். கப்பல் உடலே மரம்தானே. ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நான் சொன்னது அடிப்படையில் சரி.

பொன்னிமகன், இரவு 8.50
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். காவிரிக் கரையில் பிறந்துவிட்டு வெள்ளைக்காரன் போர்க்கப்பலைக் கூடத்தில் வைப்பதா? 1025இல் ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய மண் இது. சோழர் கப்பல் செய்யுங்கள் தம்பி. இந்தத் தொல்லை எதுவும் வராது.

சுக்கான், இரவு 9.02
செய்யலாம். வரைபடம் கொடுங்கள், நாளையே பலகை அறுக்கிறேன். சோழர் கப்பல் ஒன்றுகூட முழுசாகக் கிடைக்கவில்லை. கடைகளில் "சோழர் கப்பல்" என்று விற்பதெல்லாம் கற்பனை, அதில் பாதி ஐரோப்பியக் கப்பலுக்குப் புலிக்கொடி மாட்டியது. பழைய சான்று வேண்டுமென்றால் சாதவாகனர் காசில் இரண்டு பாய்மரக் கப்பல் இருக்கிறது. போரோபுதூர் சிற்பத்தில் ஜாவாக்காரர்களின் கப்பல் இருக்கிறது. காசில் இருப்பதோ கட்டைவிரல் நகம் அளவு. அதை வைத்துக்கொண்டு ஷ்ரவுட் எத்தனை என்று எண்ண முடியுமா?

பொன்னிமகன், இரவு 9.10
கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

சுக்கான், இரவு 9.12
இல்லை என்று யார் சொன்னது? எப்படி இருந்தது என்று தெரியாது என்கிறேன். தமிழில்தானே எழுதுகிறேன்?

குடந்தைக்காரன், இரவு 9.30
பொன்னிமகன் சார், "வெள்ளைக்காரன் கப்பல்" என்பதிலும் ஒரு திருப்பம் உண்டு. டிரிங்கமாலி என்று ஒரு ஃபிரிகேட், 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டியது. கட்டியவர்கள் வாடியா என்ற பார்சிக் குடும்பம். பேர் நம் எதிர்க்கரைத் திருகோணமலையுடையது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. வெண்ணாற்றங்கரை, அதன் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஷ்ரவுட் எப்படி உட்கார்கிறது என்று பளிச்சென்று தெரியும்.

பொன்னிமகன், இரவு 9.41
கூலி வாங்கிக் கட்டிக் கொடுத்தால் நம் கப்பல் ஆகிவிடுமா? தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரன் கோட்டை கட்டினான், கல் சுமந்தது நம் ஆள். அதனால் அது நம் கோட்டையா?

தவில்வீடு, இரவு 9.44
டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகிறோம், அதனால் இல்லை.

(இதற்கு நடுவில் வந்த 14 பதிவுகளை நிர்வாகி "பொது அரட்டை"க்கு மாற்றியிருக்கிறார்.)

அக்கரைப்பேட்டை, காலை 6.30
பென்சில் கோடு போட்டாச்சா தம்பி?

*மூன்று நாள் கழித்து*

வெண்ணாற்றங்கரை, இரவு 10.15
மன்னிக்கவும், அறுவடை மிஷின் பார்க்க அலைந்துகொண்டிருந்தேன். நேற்று ராத்திரிதான் கோடு போட்டேன். இப்போது கோட்டைக் காணோம். டார்ச் அடித்துப் பார்த்தால் தளத்துக்குக் கீழே இருக்கிறது. இரண்டு மில்லி இருக்கும்.

அக்கரைப்பேட்டை, இரவு 10.18
மரத்துக்கு அடியில் என்ன வச்சிருக்கீங்க?

வெண்ணாற்றங்கரை, இரவு 10.31
சொல்ல மறந்துவிட்டேன். மரத்தின் அடியைச் சீவும்போது கொஞ்சம் கூடப் போய்விட்டது, அடிக்கட்டைக் குழியில் எட்டவில்லை. அதனால் பெட்டிக்குள் வந்த தெர்மோகோலை வெட்டிக் குழிக்குள் வைத்து அதன்மேல் மரத்தை நிறுத்தினேன். கச்சிதமாகத்தான் இருந்தது.

குடந்தைக்காரன், இரவு 10.33
தெர்மோகோல்.

தவில்வீடு, இரவு 10.33
😂😂

கொண்டல், இரவு 10.36
தெர்மோகோலும் ஈரத்தில்…

குடந்தைக்காரன், இரவு 10.37
அண்ணே, போதும்.

அக்கரைப்பேட்டை, இரவு 10.55
சிரிக்காதீங்கப்பா, புதுசா செய்யறவங்க எல்லாரும் செய்யறதுதான். தம்பி, அந்தப் பதினாறு நூலும் மரத்தைப் பக்கத்துக்கு மட்டும் இழுக்கலை. மேலேருந்து கீழே வருது இல்லையா, அதனால சேர்ந்து மரத்தைக் கீழே அமுக்குது. நீங்க இறுக்க இறுக்க அமுக்கம் கூடுது. ராத்திரி பூரா தெர்மோகோல் நசுங்குது, மரம் இறங்குது, நூல் தொங்குது. நீங்க மறுபடி இறுக்கறீங்க, அது மறுபடி இறங்குது. கட்டுமரம் போய் ஃபைபர் வந்தாலும் இது மாறலை, கால் ஊன்றாத மரம் எந்தப் படகிலும் நிக்காது.

டெட்ஐ நடுவில் போற மெல்லிசு நூலை மட்டும் இளக்குங்க, ஷ்ரவுடை அறுக்க வேண்டாம். ஸ்டே கட்டியிருந்தா அதையும் இளக்குங்க. மரத்தைத் தூக்கி, தெர்மோகோலைக் கொக்கி போட்டு எடுத்துடுங்க, தூள்கூட இருக்கக் கூடாது. குழி ஆழத்தை ஈர்க்குச்சி விட்டு அளந்து, கெட்டி மரத்தில் ஒரு ஆப்பு சீவி உள்ளே இறக்குங்க. தேக்குத் துண்டு இருந்தா நல்லது. நாருக்குக் குறுக்கே வெட்டாம நெட்டுக்க நிறுத்துங்க, அப்பதான் அமுங்காது. பழைய கோடு தளத்து மட்டத்துக்கு மேலே வருதான்னு பாருங்க. அப்புறம் ஒரு நாள் சும்மா விட்டுட்டு மறுநாள் இறுக்குங்க.

சுக்கான், இரவு 11.08
சரியான விளக்கம். முடிச்சில் இன்ஸ்டன்ட் பசை விட்டிருந்தால் நூல் கம்பி மாதிரி ஆகி, இளக்கும்போது ஒடியும், அதையும் கவனிக்கவும். ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு ஒரு சொட்டு வைத்தால் போதும். அடித்தளம் சரியில்லாமல் மேலே கட்டக் கூடாது என்று நான் 2019இலேயே எழுதியிருக்கிறேன்.

குடந்தைக்காரன், இரவு 11.10
வெண்ணாற்றங்கரை, மற்ற இரண்டு மரத்துக்கு அடியில் என்ன?

*பதினோரு நாள் கழித்து*

வெண்ணாற்றங்கரை, இரவு 12.20
பழைய நாற்காலிக் காலிலிருந்து தேக்கு சீவி வைத்தேன். நிற்கிறது. ரொம்ப நன்றி, முக்கியமாக அக்கரைப்பேட்டை அண்ணாவுக்கு. ஷ்ரவுட் மேல் ஏணிப்படி மாதிரி குறுக்கே கட்டுவதற்கு எத்தனை மில்லி இடைவெளி? 10 வைத்து நாலு படி கட்டிவிட்டேன். ஷ்ரவுட் எல்லாம் நடுவில் இடுப்பு சிறுத்த மாதிரி உள்ளே வருகிறது.

அக்கரைப்பேட்டை, காலை 5.50
10 அதிகம். மாலுமி கால் வச்சு ஏறணுமே. நிஜத்தில் 15 அங்குலம், 64ஆல் வகுத்தா 6 மில்லி. 6 மில்லிக்குக் கோடு போட்ட தாளைப் பின்னாடி வச்சுக்கிட்டு, முதல்ல அஞ்சு படிக்கு ஒண்ணு கட்டுங்க, அப்புறம் நடுவிலே நிரப்புங்க. முடிச்சை இழுக்காதீங்க, ஷ்ரவுடைத் தொட்டு உட்கார்ந்தா போதும். இழுக்கறதாலதான் இடுப்பு சிறுக்குது.

சுக்கான், காலை 8.30
இது தனிக் கேள்வி. புதிய இழையில் கேட்கவும்.

குடந்தைக்காரன், காலை 8.44
மற்ற இரண்டு மரம்?