அமெரிக்க கிளியரன்ஸ் வேலைகளும் பாலிகிராஃப் சோதனையும்: புதிதாக வந்தவர்களுக்கு

வடக்கு வர்ஜீனியாவுக்கு வந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஹெர்ண்டன், சாண்டிலி பக்கம் எந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தாலும் கிளியரன்ஸ் வேண்டும் என்கிறார்கள். அதை எங்கே வாங்குவது, எவ்வளவு செலவாகும்?"

தம்பி, கிளியரன்ஸ் என்பது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள ஒருவருக்கு அரசு தரும் பாதுகாப்பு அனுமதி. அதை நாமாகப் போய் வாங்க முடியாது. ஓர் அரசுத் துறையோ, அரசிடம் ஒப்பந்தம் பெற்ற நிறுவனமோ நமக்கு வேலை தர முன்வந்து, நம் பெயரை விசாரணைக்கு அனுப்ப வேண்டும். செலவு முழுவதும் அரசினுடையது. "பணம் கொடுங்கள், கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்கக் குடியுரிமையும் கட்டாயம். எச்1பி விசாவில் இருப்பவருக்கு வழியில்லை; கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் முழு கிளியரன்ஸ் கிடையாது. 'பப்ளிக் டிரஸ்ட்' என்று, அரசு ரகசியங்களைத் தொடாத, ஆனால் நம்பகமானவர்கள் தேவைப்படும் ஒரு வகை வேலை உண்டு. அது கிளியரன்ஸ் அல்ல, அதற்கான படிவமும் வேறு. சில ஒப்பந்தங்களில் அதற்கு கிரீன் கார்டுக்காரர்களையும் எடுக்கிறார்கள்.

குடியுரிமை பெறப் பல வருடம் ஆகுமே, இதை ஏன் இப்போதே சொல்கிறேன்? கிளியரன்ஸ் விசாரணைக்காக என்றைக்கோ நீங்கள் நிரப்பப் போகும் எஸ்.எஃப். 86 என்ற படிவம் பத்து ஆண்டுகள் பின்னோக்கிக் கேட்கும். நீங்கள் இன்று வாழும் நாட்கள்தான் அந்தப் பத்து ஆண்டுகள். குடியிருந்த ஒவ்வொரு முகவரியும், பார்த்த ஒவ்வொரு வேலையும், இடையில் சும்மா இருந்த மாதங்களும் அதில் வரவேண்டும். கடந்த ஏழு ஆண்டுகளின் வெளிநாட்டுப் பயணங்களையும் தேதியோடு எழுத வேண்டும். ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்த பத்து நாளும் கணக்கில் வரும்.

நான் திணறிய இடம் உறவினர் பகுதி. அம்மாவின் பிறந்த தேதி கேட்டு ஊருக்குப் போன் செய்தேன். "ஐப்பசி மாதம், ஏரி உடைந்த வருடம், பூராடம்" என்றார். ரேஷன் கார்டில் ஒரு தேதி, வாக்காளர் அட்டையில் இன்னொன்று. மாமனார், மாமியார் விவரமும் இதே கதை. தோராயமான தேதி என்று குறிப்பிட அந்தப் படிவத்திலேயே இடம் உண்டு; அதைப் பயன்படுத்துங்கள், உறுதியாகத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள். பெயரும் அப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் முதலெழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்திருக்கும், இங்கே அதுவே குடும்பப் பெயராகிவிடும். எல்லா வடிவங்களையும் எழுதிவிடுங்கள்.

"ஊரில் சொந்தபந்தம் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காது" என்று பலர் பயமுறுத்துவார்கள். அது உண்மையல்ல. 2017 முதல் நடைமுறையில் உள்ள 13 வழிகாட்டு நெறிகளை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வெளிநாட்டுத் தொடர்பு அதில் ஒன்று. கடன், போதைப்பொருள், நேர்மை ஆகியவையும் இருக்கின்றன. அப்பாவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவதில் குற்றம் எதுவும் இல்லை. அனுப்பியதை மறைப்பதுதான் ஆபத்து. தெரிந்தே பொய் எழுதினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுள்ள கூட்டாட்சிக் குற்றம் அது. பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கு, ஊர் வங்கியில் உள்ள வைப்புத்தொகை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே வந்த பிறகு பலருக்கும் தெரிவதில்லை.

கஞ்சா விஷயத்தில் மிகக் கவனம். வர்ஜீனியா 2021இல் பெரியவர்கள் சிறிதளவு வைத்திருப்பதை அனுமதித்தது. ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றம். குடியுரிமை இல்லாதவருக்கு இது விசாவையே பாதிக்கும்.

ஈழத்திலிருந்து வந்த சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. இத்தகைய அமைப்புகளோடு தொடர்பு உண்டா என்று படிவம் நேராகவே கேட்கும். போர்க்காலத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அதன் பதில் ஒற்றைச் சொல்லில் அடங்காது. கையெழுத்திடும் முன் இத்துறை வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இனி எல்லோரும் அஞ்சும் பாலிகிராஃப், அதாவது பொய் கண்டறியும் கருவிச் சோதனை. கிளியரன்ஸ் வேலைகள் பலவற்றுக்கு அது தேவையே இல்லை. சிஐஏ, தேசியப் பாதுகாப்பு முகமை போன்ற உளவு அமைப்புகள் சார்ந்த வேலைகளில்தான் பெரும்பாலும் வரும். உளவு, நாசவேலை பற்றி மட்டும் கேட்பது ஒரு வகை. சொந்த வாழ்க்கையையும் தொடுவது இன்னொரு வகை. தனியார் நிறுவனங்கள் ஊழியர்களை இதற்கு உட்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. அரசின் பாதுகாப்புப் பணிகளுக்கு விலக்கு உண்டு.

எனக்கு நடந்தது இது. எந்த வேலைக்கு என்று கேட்காதீர்கள். சிறிய அறை, கைப்பிடி அகன்ற நாற்காலி. மார்பிலும் வயிற்றிலும் மூச்சை அளக்கும் குழாய்கள், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரல் நுனிகளில் வியர்வையை அறியும் தகடுகள். கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே வாசித்துக் காட்டினார்கள். ஒரு கேள்வியில் மட்டும் மூச்சு முட்டியது. பள்ளித் தோழன் ஒருவன் துபாயில் இருக்கிறான். அவன் கஷ்டத்தில் இருந்தபோது பணம் அனுப்பியதைப் படிவத்தில் எழுத மறந்திருந்தேன். சோதனை முடிந்ததும் அந்த அதிகாரி, "இந்தக் கேள்வியில் எதை நினைத்தீர்கள்?" என்றார். இருந்ததை இருந்தபடி சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு மறுபடியும் சோதித்தார். அத்தோடு முடிந்தது.

அந்தக் கருவி பொய்யைக் கண்டுபிடிக்கும் என்று நான் நம்பவில்லை. சோவியத்துக்கு ரகசியங்களை விற்ற சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் அதில் தேறியவர். ஊழியர்களைச் சலித்தெடுக்கும் அளவுக்கு அதன் துல்லியம் போதாது என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றமும் 2003இல் அறிக்கை தந்தது. ஆனாலும் அதை ஏமாற்றும் வித்தை சொல்லித்தருபவர்களிடம் போகாதீர்கள். அந்த முயற்சி தெரிந்தாலே வேலை போய்விடும். நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

தங்கை ஒருவரும் கேட்டிருந்தார்: கணவர் குடியுரிமை பெற்றுவிட்டார், தனக்கு இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான், அது அவருக்குத் தடையாகுமா என்று. அது மட்டுமே தடையாகாது, அம்மா. உங்களைப் பற்றியும் விசாரிப்பார்கள். உங்கள் பாஸ்போர்ட், விசா எண்களோடு திருமணப் பதிவுச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டிருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.