ஆச்சி வீடு பணகுடி (குடும்ப குரூப்)

2 மே 2021, ஞாயிறு

செல்வி: குமார் போன் யாருக்காவது எடுக்கா? எனக்கு ஸ்விட்ச் ஆஃப்னு வருது

செல்வி: டேங்க்ல பொட்டுத் தண்ணி இல்ல. மோட்டார் ரூம் சாவி அவன்ட்டதான் கெடக்கு

முத்து: அவன் சட்டசபை ஓட்டு எண்ணிக்கை டியூட்டில்லா. விடியமுன்ன போயாச்சு. போன உள்ள விட மாட்டாவ

செல்வி: அப்ப சாவி?

முத்து: சாவிய விடுவாவ

வாத்தியார் பெரியப்பா: உறவுகள் அனைவருக்கும் காலை வணக்கம். செல்வி, குமாருக்கு சும்மா சும்மா போன் போடாத, அவன் இருக்க இடம் அப்படி. எட்டு மணிக்கு மொதல்ல தபால் ஓட்டு எண்ணுவாவ, எட்டரைக்குத்தான் மிஷின தொறப்பாவ, ஒவ்வொரு ரவுண்டும் முடிஞ்சு ஏஜென்டுமாரு கணக்கு சரி பாத்து போர்டுல எழுதுன பொறவுதான் அடுத்த ரவுண்டு, இது எல்லாம் முடிஞ்சாலும் ஒரு தொகுதிக்கு அஞ்சு பூத் விவிபேட் சீட்ட (ஓட்டு போட்டா பெட்டில விழுமே, அந்தச் சீட்டு) தனியா எண்ணி மிஷின் கணக்கோட ஒத்துப் பாக்கணும். ஆக அவன் வர நடுச்சாமம் ஆயிரும்.

செல்வி: சரி பெரியப்பா. தண்ணிக்கு என்ன செய்ய

மும்பை மாமா: ஏல பூட்ட ஒடைங்கல

செல்வி: ஆச்சி விட மாட்டேங்கா. தாத்தா வாங்குன திண்டுக்கல் பூட்டாம். ஒடைக்கணும்னா என் கைய ஒடைங்கட்டின்னு மோட்டார் ரூம் படில போயி உக்காந்துட்டா

மும்பை மாமா: பூட்டுக்காரன கூப்புடு

முத்து: மாமா இன்னைக்கு ஞாயித்துக்கெழம முழு ஊரடங்கு. டீக்கடையே கெடையாது

மும்பை மாமா: அப்ப பக்கத்து வீட்ல ரெண்டு கொடம் புடிங்க. இதுக்கு ஒரு குரூப்பா

செல்வி: பக்கத்து வீடு யாரு வீடுன்னு தெரிஞ்சுதான் சொல்லுதியளா

கணேசன் சித்தப்பா: நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்.

வாத்தியார் பெரியப்பா: தபால் ஓட்டுல தி.மு.க. முன்னிலை!!

கணேசன் சித்தப்பா: தபால் ஓட்ட நம்பி அண்ணாச்சி 2016லயும் இப்படித்தான் துள்ளுனாவ

மலர் கோவை: ஐயோ சித்தப்பா அத கெளப்பாதீங்க

முத்து: போச்சு

வாத்தியார் பெரியப்பா: கெளப்பட்டும், சின்னப் பிள்ளையளுக்கும் தெரியட்டும். நம்ம ராதாபுரம் தொகுதி அப்பாவு 96ல த.மா.கா., 2001ல சுயேச்சை, 2006ல தி.மு.க., மூணு தடவை மூணு விதமா நின்னு ஜெயிச்ச மனுசன். அவர 2016ல அ.தி.மு.க. இன்பதுரை ஜெயிச்சது 49 ஓட்டுல. நாப்பத்தொம்போது. அந்தத் தடவை 203 தபால் ஓட்ட செல்லாதுன்னு ஒதுக்கிட்டாவ, ஏன்னா அதுல அத்தாட்சிக் கையெழுத்து போட்டது தலைமை ஆசிரியருவளாம். ஹைகோர்ட்டு அது செல்லும்னு சொல்லி அந்த 203யும் மிஷின்ல 19, 20, 21 மூணு ரவுண்டயும் மறுபடி எண்ணச் சொல்லுச்சு. 2019 அக்டோபர்ல எண்ணியும் முடிச்சாச்சு. ரிசல்ட்ட சொல்லப்புடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு தடை. அஞ்சு வருசமும் ஓடிப்போச்சு, அடுத்த எலெக்‌ஷனே வந்துட்டு, அந்த ரிசல்ட் மட்டும் வரல. நானும் நடுநிலைப் பள்ளி ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன்தான். டி.சி.ல போட்டா செல்லுத கையெழுத்து ஓட்டுல போட்டா செல்லாதாம்ல. இத எங்க போயி சொல்ல.

முத்து: எண்ணியாச்சு ரிசல்ட் சொல்லல, நம்ம மதில் மாதிரி

மலர் கோவை: ஆமால்லா 😂 சர்வேயர் அளந்துட்டுப் போயி மூணு வருசம் இருக்குமா

செல்வி: ஒண்ணே முக்கா அடி. பெரியப்பாவும் ரிப்போர்ட் வாங்கப் போகல, சித்தப்பாவும் போகல. நமக்கு எதுரா வந்துருமோன்னு ரெண்டு பேருக்கும் பயம்

கணேசன் சித்தப்பா: முத்து நீ உள்ள வா பேசணும்

வாத்தியார் பெரியப்பா: மதில இங்க இழுக்காதீங்க. இது ஜனநாயகம்.

மும்பை மாமா: 49 ஓட்டுங்கிறிய, நம்ம வீட்ல அன்னைக்கு எத்தன பேரு போடல

முத்து: மாமா ஒங்க வீட்லயே நாலு. லிஸ்ட்ல பேரு இங்கதான கெடக்கு

மும்பை மாமா: தாதர்ல டிக்கெட் கெடச்சிருந்தா வந்துருப்பேன்

முத்து: 1996லேந்து கெடைக்கல

கணேசன் சித்தப்பா: நாங்க வீட்டோட போயி ரெட்ட இலைல குத்துனோம். மைனி போட்டாவளான்னு அண்ணாச்சிட்ட கேளுங்க. அண்ணாச்சியோட சண்ட போட்டுட்டு நாங்குநேரி அம்மா வீட்ல போயி இருந்தது அந்த வாரந்தான்

பெரியம்மா: அந்தக் கதை இப்ப எதுக்கு கணேசா

வாத்தியார் பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

வாத்தியார் பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மலர் கோவை: அப்பா ரெண்டு தடவ டெலிட் பண்ணுத அளவுக்கு என்ன எழுதுனீங்க

செல்வி: 11 மணி ஆவுது. பிள்ளைய குளிப்பாட்டல, பருப்பு கழுவல, ஆச்சி படிய விட்டு எந்திக்கல. யாராவது ஒரு முடிவு சொல்லுங்க, நாப்பத்தொம்போது பொறவு பாப்போம்

கணேசன் சித்தப்பா: முத்து, ஹோஸ மதிலுக்கு மேல போடு.

செல்வி: 🙏

வாத்தியார் பெரியப்பா: போடுறதுல தப்பில்ல. ஆனா மதில் மேல உரிமைன்னு நாளைக்கு யாரும் சொல்லப்புடாது.

மும்பை மாமா: பச்சத் தண்ணிக்கும் பத்திரமா வே

முத்து: [போட்டோ] ஹோஸ் மதில் உச்சில மடங்கி தண்ணி நிக்கி. செல்வி அக்கா ஒன் பக்கத்துலேந்து தூக்கிப் புடி. அந்த ஓட்டைல பழைய சேலத் துண்ட சுத்து, பாதி தண்ணி முருங்கைக்குப் போவுது

செல்வி: வருது வருது

செல்வி: ஆச்சி தண்ணிய கைல ஏந்தி குடிச்சுப் பாக்கா. உப்புங்கா

கணேசன் சித்தப்பா: அம்மாவுக்கு எங்க வீட்டுத் தண்ணின்னா உப்புதான்

மும்பை மாமா: ஆமா பிள்ளைக்கு காதுகுத்து என்னாச்சு? நான் டிக்கெட் போடவா வேண்டாமா

செல்வி: கோயிலே தொறக்கலயே மாமா. சாஸ்தா கோயில்ல பூசை மட்டும், ஆள விட மாட்டாவ. ஆவணில பாப்போம்

பெரியம்மா: ஆவணில எனக்கு முட்டு வலிக்கு வைத்தியம் இருக்கு

மலர் கோவை: இங்க தெற்கு தொகுதில கமல் முந்துதாரு, எங்க ஃபிளாட்ல ஒரே கூச்சல்

முத்து: நம்ம திருநெல்வேலில நயினார் நாகேந்திரன்

கணேசன் சித்தப்பா: அம்பாசமுத்திரத்துல இசக்கி சுப்பையா. ரெட்ட இலைக்கு ஒரு இடமாவது இருக்கட்டும்

வாத்தியார் பெரியப்பா: பாளையங்கோட்டை எங்களுக்கு. நாங்குநேரி ரூபி மனோகரன், கூட்டணிதான்.

முத்து: பெரியப்பா ராதாபுரம்?

வாத்தியார் பெரியப்பா: பொறு. நான் இன்னும் சாப்பிடல.

பெரியம்மா: டிவி முன்னாடி தோசைய வச்சா அது ஆறிக் கல்லாயிட்டு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு விள்ளல் திங்காவ

முத்து (இரவு 9:50): அப்பாவு ஜெயிச்சாச்சு. ஐயாயிரத்துக்கு மேல

வாத்தியார் பெரியப்பா: [குரல் செய்தி 3:12]

மலர் கோவை: அப்பா அழுறீங்களா

பெரியம்மா: ஆமா

கணேசன் சித்தப்பா: வாழ்த்துகள் அண்ணாச்சி. ஆனா ஒங்க ஓட்டு இப்ப பாளையங்கோட்டைல. இங்க ஜெயிச்சதுக்கும் ஒங்களுக்கும் சம்பந்தம் இல்ல

மலர் கோவை: கமல் தோத்துட்டாரு. 1,728 ஓட்டு. வானதி ஜெயிச்சாச்சு. மத்தியானம் கத்துனவன்லாம் கதவச் சாத்திட்டான்

முத்து: தென்காசில பழனி நாடார் 370 ஓட்டுதான். தி.நகர்ல 137

மும்பை மாமா: 137க்கு எங்க நாலு போதாது

செல்வி: நாலு போதாதுன்னுதான் 49லயும் நெனச்சிய

3 மே 2021

குமார் (அதிகாலை 1:40): இப்பதான் வெளிய விட்டாவ. கண்ணு எரியுது. 213 மெசேஜ் கெடக்கு, என்ன சண்ட

குமார்: மோட்டார் ரூமா? அத நான் பூட்டவே இல்லியே. பூட்ட சும்மா கொண்டில மாட்டித் தொங்க விட்டுருந்தேன். புடிச்சு இழுத்தாலே வந்துரும்

குமார்: ஒருத்தரும் இழுத்துப் பாக்கலயா

செல்வி: ஆச்சி தொட விட்டாத்தான

முத்து: பதினேழு மணி நேரம்

கணேசன் சித்தப்பா: ஹோஸ கிழியாம சுருட்டி வைங்க

12 மே 2021

வாத்தியார் பெரியப்பா: அப்பாவு சபாநாயகர் ஆயிட்டாரு!! போட்டியே இல்லாம. 49ல தோத்தவரு இன்னைக்கு 234 பேரையும் உக்காரு எந்திங்கிற நாற்காலில. ராதாபுரத்துக்காரன் எவனும் இன்னைக்கு தல நிமிந்து நடக்கலாம், எந்தக் கட்சியா இருந்தாலும், கணேசனும்தான்.

கணேசன் சித்தப்பா: ம்

மலர் கோவை: அப்பா இனிமயாவது சர்வேயர் ரிப்போர்ட்ட போயி வாங்குங்க

வாத்தியார் பெரியப்பா: ஊரடங்கு முடியட்டும்.

கணேசன் சித்தப்பா: ஆமா, முடியட்டும்

செல்வி: ஹோஸ் இன்னும் மதில் மேலயேதான் கெடக்கு. அந்தப் பக்கமா சுருட்டவா இந்தப் பக்கமா சுருட்டவான்னு யாராவது சொல்லுங்க, காக்கா கொத்துது