புது நாடக அரங்கம்: எக்கோ, இரைச்சல், ஈரம். திறப்புவிழாவுக்கு முன்னாடி எதைப் பிடிக்கணும்?

வெண்ணாற்றங்கரை:
தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துல புது நாடக அரங்கம் கட்டி முடிஞ்சிருக்கு. 400 இருக்கை, எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. உள்அளவு சுமார் 2,400 கனமீட்டர். ஐப்பசியில திறப்புவிழா, அன்னைக்கே மாணவர் நாடகம். மூணு தொல்லை இருக்கு. ஒத்திகையில ஒரு சொல் அடங்குறதுக்குள்ள அடுத்த சொல் அது மேல ஏறி வசனம் குழம்புது. விளக்கை மங்கலாக்கினா ஸ்பீக்கர்ல ‘ஙொய்’னு சத்தம். மேடைக்கு அடியில இருக்கிற அறையில ஈரம். கையில ஆறு வாரம் இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

ஒலிக்கணக்கு:
முதல்ல அளந்துடுங்க சார். மேடை நடுவுல பெரிய பலூனை உடைச்சு, கடைசி வரிசையில செல்போன் செயலி வச்சுப் பதிவு பண்ணுங்க. சத்தம் 60 டெசிபல் இறங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கணும். வசன நாடகத்துக்கு 1 வினாடிக்குப் பக்கத்துல இருந்தா நல்லது.

காலி அரங்கத்துல 1.9 வினாடி வருதுன்னு வைங்க. அரங்க அளவை இந்த நேரத்தோட இணைக்கிற சபின் சூத்திரத்துல போட்டா 0.161 × 2,400 ÷ 1.9, அதாவது சத்தத்தை உறிஞ்சும் பரப்பு ஏறக்குறைய 203 சதுரமீட்டர். ஆளுக்கு 0.45 சதுரமீட்டர் கூடும். 400 பேர் உட்கார்ந்தா 383, நேரம் 1 வினாடிக்கு வந்துடும். அதனால திறப்புவிழா அன்னைக்கு அரங்கம் அருமையா கேட்கும், எல்லாரும் பாராட்டிட்டுப் போவாங்க. அதுக்கப்புறம் 150 பேர் வர்ற சாதாரண நாள்ல 1.4 வினாடி. கஷ்டப்படப்போறது அந்த மாணவர்கள்தான். அவங்களுக்காகத்தான் இதைச் சரிபண்ணணும்.

பின்சுவர்ல 50 மி.மீ. கனமான ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) பலகை, துணி போர்த்தி, 100 சதுரமீட்டர் போட்டா 150 பேருக்கே 1.1 வினாடிக்கு இறங்கும். பின்சுவர் ஏன்னா, மேடையிலேருந்து 20 மீட்டர் போய்த் திரும்புற சத்தம் 0.1 வினாடிக்கு மேல தாமதமாகி முன்வரிசைக்குத் தனி எக்கோவா கேட்கும். மேடைக்கு முன்னாடி இருக்கிற கூரையை மட்டும் தொடாதீங்க, பின்வரிசைக்குக் குரலைக் கொண்டுபோறதே அதுதான். முட்டை அட்டை, சுவர்ல ஒட்டுற மெல்லிசு கார்ப்பெட் ரெண்டும் வேண்டாம். மேல்சுரத்தை மட்டும் தின்னுட்டு அடிமுழக்கத்தை விட்டுடும், ‘ச’வும் ‘ஸ’வும் மழுங்கிப்போகும். முட்டை அட்டை சட்டுனு தீயும் பிடிக்கும்.

மேடைவயர்:
இரைச்சல் பத்தி. விளக்கு பாதி அளவுல இருக்கும்போதுதான் சத்தம் அதிகம்னா விளக்கை மங்கலாக்குற டிம்மர்தான் காரணம். அது மின் அலையை நடுவுல வெட்டி வெட்டி விடுது, பாதியில வெட்டும்போதுதான் கூர்மை அதிகம். மைக் கேபிளும் விளக்கு கேபிளும் ஒரே குழாய்ல போகுதான்னு பாருங்க. குறைஞ்சது ஒரு அடி தள்ளி இருக்கணும், குறுக்கிட்டே ஆகணும்னா செங்குத்தா குறுக்கிடணும். மைக் சத்தத்தைக் கலக்குற மிக்ஸர், ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப் எல்லாத்துக்கும் ஒரே ஃபேஸ், ஒரே எர்த். எர்த் பின்னை வெட்டிவிட்டா சத்தம் நின்னுடும்னு யாராவது சொன்னா தயவுசெய்து கேட்காதீங்க. மைக்கைப் பிடிக்கிற பிள்ளையோட உயிர் அது.

1,000 வாட் விளக்கு 24 இருந்தா, மூணு ஃபேஸ்ல பிரிச்சு ஃபேஸுக்கு 35 ஆம்பியர். டிம்மர் இருக்கிற லைன்ல நியூட்ரல் சமன் ஆகாம சூடேறும், அதனால நியூட்ரல் கம்பி ஃபேஸ் கம்பியைவிட மெலிசா இருக்கவே கூடாது. எல்லா விளக்கையும் ஒரு மணிநேரம் எரியவிட்டு, கம்பி இணையுற டெர்மினல் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல பாருங்க. நியூட்ரல் லூஸ் ஆச்சுன்னா ஒரு ஃபேஸ்ல 400 வோல்ட்டை நெருங்கி எல்ஈடி, மிக்ஸர் எல்லாம் போயிடும். ஒலி, ஒளி ரெண்டு போர்டையும் யூபிஎஸ்ல போடுங்க. இல்லேன்னா ஜெனரேட்டர் மாறுற நேரத்துல காட்சி நடுவுல போர்டு மறுபடி முதல்லேருந்து தொடங்கும்.

பலகைத்தச்சு:
மேட்டூர் திறந்து வாய்க்கால்ல தண்ணி ஓட ஆரம்பிச்சாலே டெல்டாவில நிலத்தடி நீர் ஏறும். ஐப்பசி அடைமழையும் சேர்ந்தா அந்த அறை குளம்தான். தரையில ஒரு மீட்டர் பாலித்தீன் விரிச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. அடிப்பக்கம் நீர்த்துளி நின்னா ஊற்று கீழேருந்து, மேல்பக்கம் நின்னா காத்துல இருக்கிற ஈரம். கீழேருந்துன்னா உள்ளே சிமெண்ட் பூசுறது மட்டும் நிக்காது, நீரழுத்தம் உரிச்சுடும். மூலையில ரெண்டடி குழி, மிதவை சுவிட்ச் வச்ச பம்பு, அதுவும் ஜெனரேட்டர் லைன்ல. மேடைப் பலகைக்கும் சுவருக்கும் 10 மி.மீ. இடைவெளி விடுங்க, இல்லேன்னா மழைக்காலத்துல பலகை உப்பி நடுவுல எழும்பும். சலங்கை கட்டி வெறுங்காலோட ஆடுற பிள்ளைங்களுக்கு அது ஆபத்து.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி. கணபதி ஹோமத்தை மேடையிலயே பண்ணணும்னு சொல்றாங்களே?

மேடைவயர்:
வாசல்ல வச்சுக்கச் சொல்லுங்க. உள்ளே பண்ணினா ஸ்மோக் டிடெக்டர் கத்தும், அதை அணைச்சுட்டு அப்புறம் போட மறந்துடுவாங்க. குத்துவிளக்கு மட்டும் மேடையில இருக்கட்டும், அடியில அகலமான பித்தளைத் தாம்பாளம் வைங்க. பலகையில எண்ணெய் சிந்தினா அன்னைக்குச் சாயங்காலம் அதே இடத்துலதான் நடிகர் வழுக்குவார்.