1 கூட்டி மடக்கை எடுத்தன், அலகை மாத்தினா தூரத்துட குணகமே மாறுது. உதவி தேவை (ஈர்ப்பு மாதிரி)

வாவிக்கரை (கல்லடி):
வணக்கம். இறுதியாண்டு ஆய்வு, ஈர்ப்பு மாதிரியில (ரெண்டு நாட்டு வர்த்தகம் பொருளாதாரப் பருமனோட கூடும், தூரத்தோட குறையும் எண்டுற சமன்பாடு). இலங்கையின் ஏற்றுமதியில தூரமும், இந்தியாவோட உள்ள சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் எவ்வளவு வேலை செய்யுது எண்டு பார்க்கிறன். தரவு 2001–2019. கன நாடுகளுக்குச் சில வருசம் ஏற்றுமதி பூச்சியம். மடக்கை எடுத்தா அந்த வரியெல்லாம் கழண்டு போகுது. அதால எல்லாத்துக்கும் 1 கூட்டினன். டொலரில ஓட்டினா தூரத்துட குணகம் (தூரம் கூட ஏற்றுமதி எவ்வளவு மாறுது எண்டுற எண்) ஒரு விடை. அட்டவணை வடிவா இருக்கட்டும் எண்டு ஆயிரம் டொலராக்கினா வேறொரு விடை. மாறிலி மட்டும்தானே மாறணும்? ரெண்டு நாளா நித்திரை இல்ல.

ஒலுவில் காத்து:
தங்கச்சி, வில்லங்கம் அந்த 1 லதான். பத்து லட்சம் டொலர் ஏற்றுமதிய எடுங்க. டொலரில 1 கூட்டின இயற்கை மடக்கை 13.8. ஆயிரமாக்கி 1 கூட்டினா 6.9. மில்லியனாக்கினா 0.69. பூச்சியம் மட்டும் மூண்டிலயும் பூச்சியமாவே நிக்கும். ஒண்டும் விக்காத நாட்டுக்கும் வித்த நாட்டுக்கும் உள்ள இடைவெளிய நீங்கதான் அலகால தீர்மானிக்கிறீங்க.

1ஐயும் விடுங்க, மடக்கையையும் விடுங்க. பொருளியலாளர்கள் சந்தோஸ் சில்வாவும் தென்ரெய்ரோவும் 2006இல் காட்டின பொய்சன் முறை, சுருக்கமா பிபிஎம்எல் (PPML), ஏற்றுமதிய அப்படியே எடுக்கும். அவங்க பார்த்தது 1990ஆம் ஆண்டின் 136 நாடுகள், 18,360 சோடி. கிட்டத்தட்டப் பாதி பூச்சியம். பூச்சியமே இல்லாட்டியும் மடக்கை எடுத்து ஓட்டுற ரிக்ரஷன் (தரவுக்குச் சமன்பாடு பொருத்துறது) பிழையான விடை தரும்: வழுவின் (சமன்பாடு விளக்காத மிச்சத்தின்) பரவல் தூரத்தோடயோ வருமானத்தோடயோ மாறினா, மடக்கை எடுத்த பிறகு குணகம் கோணும்.

வாவிக்கரை:
நன்றி நானா. ஆனா மேற்பார்வையாளர், “பொய்சன் எண்ணிக்கைக்குத்தான், பரவல் சராசரியை விடப் பெரிசு, அதுக்கு இடம் குடுக்கிற நெகட்டிவ் பைனோமியல் முறையைப் போடு” எண்டார்.

ஒலுவில் காத்து:
கனபேர் சொல்றதுதான். தரவு பொய்சன் பரம்பலா இருக்கத் தேவையில்ல, சராசரிக்கான சமன்பாடு சரியா இருந்தாப் போதும். நியம வழுவை (குணகம் எவ்வளவு நிச்சயமில்லாதது எண்டுற அளவு) மட்டும் நாட்டுச் சோடிவாரியா கிளஸ்டர் பண்ணுங்க, அதாவது ஒரே சோடியின் வருசங்கள ஒரு கூட்டமா எடுத்துக் கணக்கிடுங்க. நெகட்டிவ் பைனோமியலோ அலகை மாத்தினா குணகத்தையும் மாத்தும். குளிக்கப் போய்ச் சேறு பூசின கதை.

வாவிக்கரை:
பிபிஎம்எல் ஓட்டினன். இறக்குமதி நாடு–வருச நிலைத்த விளைவும் (ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வருசத்துக்கும் தனி மாறிலி) போடச் சொல்லிப் படிச்சன். போட்டா தூரம், உள்நாட்டு உற்பத்தி, உடன்படிக்கை எல்லாமே விடுபட்டுப் போச்சு!

படுவான்கரையான்:
ஏன் போடச் சொல்றாங்க எண்டத முதல்ல பாருங்க. 2014இல் மட்டக்களப்பு வாவிக்கு மேல மண்முனைப் பாலம் திறக்கமுன்னம் எங்கட பக்கத்து நெல்லுக்காரன் காத்தான்குடிக்கு எவ்வளவு விப்பான் எண்டது காத்தான்குடித் தூரத்தில மட்டும் தங்கியிருக்கல்ல. மற்றச் சந்தைகளுக்குப் போறது எவ்வளவு கஷ்டம் எண்டதிலயும்தான். பொருளியலாளர்கள் அன்டர்சனும் வான் வின்கூப்பும் 2003இல் சொன்ன பலதரப்புத் தடை இதுதான். அத உறிஞ்சத்தான் அந்த விளைவு. உங்களிட்ட ஏற்றுமதி நாடு ஒண்டே ஒண்டு. நாடு–வருசத்துக்கு ஒரு வரிதான். விளைவு அந்த வரிய முழுசா விழுங்கிட்டுது.

எல்லா நாட்டுச் சோடியும் வேணும். பிரான்சின் செப்பீ (CEPII) ஆய்வு நிறுவனத்துட ஈர்ப்புத் தரவ இலவசமா இறக்கலாம். அப்ப ஏற்றுமதி நாடு–வருசம், இறக்குமதி நாடு–வருசம் ரெண்டும் போட்டாலும் தூரம் நிக்கும். உள்நாட்டு உற்பத்தி போகும், போகட்டும். சோடி விளைவும் (ஒவ்வொரு நாட்டுச் சோடிக்கும் ஒரு மாறிலி) போட்டா தூரமும் போகும், உடன்படிக்கை மட்டும் நிக்கும்.

அதிலயும் ஒரு கண்ணி. இந்தியா–இலங்கை உடன்படிக்கை 2000 மார்ச்சில நடைமுறைக்கு வந்திட்டுது. 2001 இலிருந்து தொடங்கினா அந்த டம்மி (உடன்படிக்கை இருந்தா 1, இல்லாட்டி 0) எப்பவும் 1, சோடி விளைவுக்குள்ள கரைஞ்சு போயிடும். தொண்ணூறுகளிலிருந்து எடுங்க. ஒரே சோடிக்குத் தனி டம்மி போட்டா அதுட நியம வழுவை நம்பாதீங்க; உலகத்து உடன்படிக்கை எல்லாத்துக்கும் ஒரு டம்மி போட்டு, இலங்கையைப் பக்கத்தில வச்சுப் பேசுங்க.

ஒலுவில் காத்து:
உடன்படிக்கையின் குணகம் 0.3 எண்டு வந்தா 30 சதவீதம் எண்டு எழுதிராதீங்க. e ஐ 0.3 ஆம் அடுக்குக்கு ஏத்தி 1 கழிக்கணும், கிட்டத்தட்ட 35 சதவீதம்.

வாவிக்கரை:
1995இலிருந்து இறக்கி ஓட்டினன். லப்டொப் அடுப்பு மாதிரிச் சுட்டுது, ஆனா சோடி விளைவு இல்லாம பிபிஎம்எல் ஓட்டினதில, டொலரிலயும் ஆயிரத்திலயும் தூரத்துட குணகம் அசையல்ல. நெகட்டிவ் பைனோமியலையும் ரெண்டு அலகில ஓட்டி மேற்பார்வையாளருக்கு அனுப்பியிருக்கன். இன்னும் பதில் வரல்ல.